48 மணித்தியாலத்தில் ஒரு குட்டி கேம்: கொழும்பிலிருந்து கேம் ஜாமில் சேருகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கேம் ஜாம் என்றால், கொடுக்கும் தலைப்புக்கு ஏற்ப, குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து கொடுக்கும் நிகழ்வு. முதல்முறை அதில் சேருகிறவர்கள் நிறையப் பேர் கேமை முடிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள், முடித்தவர்களிலும் சிலருடைய கேமை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என்ன செய்ய ஆசை என்று யோசித்தார்களே தவிர, அதை விளையாடப் போகிறவர் எப்படி வருவார் என்று யோசிக்கவில்லை. அவர் முன்னால் நூற்றுக்கணக்கான கேம்கள் வரிசையாக இருக்கும், உங்களுடையதை ஒரு தட்டுத் தட்டித் திறப்பார், இரண்டு நிமிடம் தருவார், விளங்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் வார இறுதி முழுக்க வேலை செய்யப் போகிறோம். கீழே சொல்லும் எல்லாமே அதிலிருந்து வருவதுதான்.

எந்த ஜாம்?

லூடம் டேர் 2002 இல் தொடங்கியது. அதில் தனியாக, எல்லாவற்றையும் புதிதாகச் செய்து 48 மணித்தியாலத்தில் கொடுக்கும் பிரிவும், குழுவாக 72 மணித்தியாலத்தில் கொடுக்கும் பிரிவும் பிரபலம். குளோபல் கேம் ஜாம் 2009 இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது, அங்கே ஆட்களோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்வதுதான் சிறப்பு. ஜிஎம்டிகே ஜாம் 2017 இல் வந்தது, கூட்டம் மிக அதிகம். ஜேஎஸ்13கே என்று ஒன்று இருக்கிறது, ஸிப் செய்த முழு கேமும் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், ஒரு மாதம் நேரம் தருவார்கள். இவை போக, கேம்களை ஏற்றிப் பகிரும் இட்ச்.ஐஓ தளத்தின் ஜாம் பட்டியலைத் திறந்தால் எப்போதும் சின்னச் சின்னதாகப் பல ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் தடவைக்கு என் பரிந்துரை, இட்ச்சில் ஐம்பது நூறு பேர் சேரும் சின்ன ஜாம். பெரிய ஜாமில் உங்கள் கேம் கூட்டத்தில் காணாமல் போகும், சின்னதில் கிட்டத்தட்ட எல்லோரும் எல்லோருடையதையும் விளையாடி ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள்.

சேருமுன் நேரத்தைப் பாருங்கள். அறிவிப்புகளில் பெரும்பாலும் யூடிசி நேரம் இருக்கும், நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். முடிவு 18:00 யூடிசி என்றால் இங்கே இரவு 11:30. ஞாயிறு இரவு அந்த நேரம் வரை விழித்திருந்துவிட்டுத் திங்கள் காலை ஒபிஸுக்கோ கம்பஸுக்கோ போக முடியுமா என்று முதலே யோசித்து, முடியாவிட்டால் உங்களுக்கென்று ஒரு முடிவு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு வருமுன் செய்து முடிக்க வேண்டியவை

எஞ்சின் (கேம் செய்யும் மென்பொருள்) எது என்று கேட்டால், ஏற்கெனவே ஒன்று தெரிந்தவர்களுக்கு அதுவே போதும், ஜாம் நேரத்தில் புதிதாகப் படிக்கப் போகாதீர்கள். எதுவும் தெரியாதவர்களுக்கு கோடோ 4 என்பேன். இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும், பிரவுசரில் ஓடும் கேமாக வெளியே எடுக்கலாம், தமிழ் எழுத்தையும் ஒழுங்காகக் காட்டுகிறது (அது பற்றிக் கீழே). அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டிலேயே எழுதுங்கள், சி ஷார்ப்பில் எழுதினால் கோடோ 4 இல் பிரவுசருக்கு எடுக்க முடியாது. புரோஜெக்ட் உருவாக்கும்போது கம்பாட்டிபிலிட்டி என்ற ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) தெரிவு செய்யுங்கள், பிரவுசரில் ஓடுவது அது மட்டும்தான்.

வெளியே எடுப்பதற்கான எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் தனியாக இறக்க வேண்டும், அது சுமார் ஒரு ஜிபி. போன் டேட்டாவில் ஞாயிறு இரவு இறக்கும் சாமான் இல்லை அது, முந்திய கிழமையே இறக்கி வையுங்கள். அப்புறம் ஒரு வெறும் சதுரத்தை மட்டும் திரையில் வைத்து, அதைப் பிரவுசர் கேமாக எடுத்து, இட்ச்சில் ஏற்றி, போனில் திறந்து பாருங்கள். இந்த ஒத்திகை அரை மணித்தியால வேலை. இதைச் செய்தவர்களுக்குக் கடைசி இரவில் பதற்றம் பாதியாகிவிடும்.

கரண்ட் விஷயம். 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்க கரண்ட் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஜாம்கள் நடக்கிற வார இறுதி நாள். லப்டொப் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து வையுங்கள், ரவுட்டர் நின்றாலும் போனிலிருந்து இணையம் எடுக்க டேட்டா இருக்கட்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கோப்புகளை கிட்ஹப்புக்கோ கூகுள் ட்ரைவுக்கோ அனுப்புங்கள். டெஸ்க்டொப்பில் வேலை செய்கிறவர்கள் ஒரு சின்ன யூபிஎஸ் இல்லாமல் ஜாமில் சேர வேண்டாம்.

குழு என்றால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. ஒருவர் கோட், ஒருவர் படம், மூன்றாமவர் சத்தமும் கேமின் இட்ச் பக்கமும். நான்கு பேர் என்றால் கதைக்கவே நேரம் சரியாகிவிடும்.

தலைப்பு வந்ததும்

தலைப்பு வந்த உடனே எதையும் தொடாதீர்கள். தாளில் ஒரு பத்து யோசனை எழுதுங்கள். முதலில் வரும் மூன்று நான்கு எல்லோருக்கும் வருவது, அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பாபா இஸ் யூ என்ற கேம் 2017 நோர்டிக் கேம் ஜாமில் பிறந்தது. தலைப்பு 'அங்கே இல்லை' என்ற பொருளில் வந்தது. கேமின் விதிகளையே திரையில் சொற்களாக வைத்து, விதியின் நடுவில் வரும் 'இல்லை' என்ற சொல்லையே ஒரு கட்டையாகத் தள்ளலாம் என்று அதைச் செய்தவர் யோசித்தார், 2019 இல் அது முழு கேமாக வெளிவந்தது. தலைப்பைக் கதையில் வைக்காமல், விளையாடுகிறவர் கையால் செய்யும் செயலில் வைத்ததுதான் அங்கே நடந்தது.

விளங்குவதற்காக ஒன்றைக் கடைசி வரை கொண்டுபோவோம். தலைப்பு 'பின்னால் வருகிறது' என்று வைத்துக்கொள்ளுங்கள். பேய், நிழல், இறந்தகாலம் எல்லாம் எல்லோருக்கும் வரும். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் போனவர்களுக்கு இன்னொன்றும் வரும்: பின்னால் வரும் அதே இலக்கத் தனியார் பஸ். முந்தினால் அடுத்த தரிப்பிடத்து ஆட்களை அவன் ஏற்றிக்கொள்வான். ஆகவே நிற்கவும் வேண்டும், நிற்கவும் கூடாது. இந்த இழுபறி ஒன்றே ஒரு கேமுக்குப் போதும்.

இதை ஒரு வசனத்தில் எழுதிப் பாருங்கள்: "பிரேக்கை அழுத்தி தரிப்பிடத்தில் நின்று ஆட்களை ஏற்ற வேண்டும், பின்னால் வரும் பஸ் முந்துவதற்குள் கிளம்ப வேண்டும்." ஒரு பொத்தான், ஒரு ஆசை, ஒரு பயம். உங்கள் யோசனை இப்படி ஒரு வசனத்தில் அடங்காவிட்டால் அது இந்த வார இறுதிக்கு உரியதில்லை, வேறொன்றை எடுங்கள். ஆன்லைனில் பலர் சேர்ந்து விளையாடுவது, சாமான் பை, பேசித் தெரிவு செய்யும் நீண்ட உரையாடல், தானாக உருவாகும் உலகம் ஆகிய நான்கும் தாளில் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

முதல் ஆறு மணித்தியாலம்: சதுரங்கள் மட்டும்

படம் வரைய வேண்டாம், மெனு வேண்டாம், பெயர் கூட வேண்டாம். சிவப்புச் சதுரம் உங்கள் பஸ், நீலச் சதுரம் மற்ற பஸ், மஞ்சள் கோடு தரிப்பிடம். திரை 1280க்கு 720.

முதலில் பிரேக். முழு வேகம் செக்கனுக்கு 300 பிக்சல் என்று வையுங்கள். பொத்தானை அழுத்தும்போது வேகம் செக்கனுக்கு 600 வீதம் குறைந்தால், அரைச் செக்கனில் 75 பிக்சல் ஓடி பஸ் நின்றுவிடும். விளையாடிப் பாருங்கள், பஸ் மாதிரி இராது, பொம்மைக் கார் மாதிரி இருக்கும். 600 ஐ 200 ஆக்குங்கள், இப்போது நிற்க ஒன்றரைச் செக்கன், 225 பிக்சல். பாரம் வந்துவிடும், முன்கூட்டியே பிரேக் பிடிக்க வேண்டி வரும், தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விடுவோமோ என்று கை பதறும். இந்த ஒரு எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஒரு மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. விளையாடுகிறவர் கேம் முழுக்கச் செய்யப் போவது இது ஒன்றைத்தான், இது கைக்கு இதமாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்தது பின்னால் வருகிறவன். அவன் செக்கனுக்கு 240 பிக்சல் என்று நிற்காமல் வரட்டும், தொடக்கத்தில் 600 பிக்சல் தள்ளி. நீங்கள் முழு வேகத்தில் போனால் ஒரு செக்கனுக்கு 60 பிக்சல் விலகுவீர்கள், நின்றால் 240 நெருங்குவான். அதாவது ஒரு செக்கன் நின்றதை ஈடுகட்ட நான்கு செக்கன் ஓட வேண்டும். ஒருவர் ஏற 0.4 செக்கன் என்றால் மூன்று பேரை ஏற்ற 1.2 செக்கன், 288 பிக்சல் போய்விடும், பிரேக் பிடிப்பதிலும் மறுபடி வேகம் எடுப்பதிலும் போவது வேறு. தரிப்பிடத்தில் ஐந்து பேர் நின்றால்? எல்லோரையும் ஏற்றுவதா, இரண்டு பேரோடு கிளம்புவதா என்ற கேள்வி வந்துவிட்டது, கேம் பிறந்துவிட்டது. இந்தக் கணக்கைத் தாளில் போட ஐந்து நிமிடம்தான், அது இல்லாமல் குருட்டுத்தனமாக எண் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு இரவு போகும்.

கோட் பக்கம் இரண்டு எச்சரிக்கை. அசைவு எல்லாவற்றையும் டெல்டாவால் (முந்திய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்குங்கள், இல்லாவிட்டால் 60 ஹேர்ட்ஸ் திரையில் சரியாக இருப்பது 144 ஹேர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகத்தில் ஓடும், உங்களுக்கு அது தெரியவே வராது. இரண்டாவது, கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சின்ன எழுத்து மட்டும் பாவியுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், வெளியே எடுத்த கேம் வேறாகப் பார்க்கும், படம் காணாமல் போகும்.

கோட் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே கோப்பில் முந்நூறு வரி இருந்தால் இருக்கட்டும். ஆனால் வேகம், தூரம், நேரம் போன்ற எண்கள் எல்லாம் கோப்பின் தலையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஞாயிறு முழுக்க நீங்கள் தொடப் போவது அவற்றைத்தான்.

அன்றிரவே ஏற்றுங்கள்

படுக்கப் போகுமுன் அந்தச் சதுரக் கேமை இட்ச்சில் ஏற்றுங்கள். தோற்றால் மறுபடி தொடங்க ஒரு பொத்தான் இருந்தால் போதும், அது முழு கேம்தான். கோடோவில் எடுக்கும்போது முக்கியக் கோப்புக்கு இன்டெக்ஸ் என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஸிப்பில் போட்டு, இட்ச்சில் திட்ட வகையை ஹெச்டிஎம்எல் என்று தெரிவு செய்து, இந்தக் கோப்பு பிரவுசரில் ஓடும் என்ற கட்டத்தில் சரி போடுங்கள். ஸிப்பைத் திறந்த உடனே இன்டெக்ஸ் கோப்பு இருக்க வேண்டும், உள்ளே இன்னொரு ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. கோடோ 4.3 இலிருந்து த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டும் முறை) இல்லாமல் எடுக்கலாம், அதை அப்படியே விடுங்கள், பழைய பதிப்புகளில் இருந்த தொல்லை அதில் இல்லை.

டவுன்லோட் செய்து ஓடும் கேமாக மட்டும் கொடுக்காதீர்கள். தெரியாத ஒருவரின் கோப்பை இறக்கி, விண்டோஸ் எச்சரிக்கையைத் தாண்டி ஓட்டிப் பார்க்கும் பொறுமை ஒருவருக்கும் கிடையாது.

ஏற்றியதும் இணைப்பை இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஒருவர் கேம் விளையாடும் பழக்கமே இல்லாதவராக இருக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் அனுப்புங்கள்.

சனிக்கிழமை

காலையில் முதல் வேலை, அனுப்பியவர்கள் எங்கே முழித்தார்கள் என்று கேட்பது. முடிந்தால் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து விளையாடச் சொல்லி, வாயைத் திறக்காமல் பாருங்கள். தம்பி "இது என்ன அண்ணா, அமத்தினா நிக்குது, பிறகு?" என்று கேட்டால், அங்கே கேம் தன் விஷயத்தைச் சொல்லவில்லை என்று அர்த்தம். அதற்கு நீண்ட அறிவுறுத்தல் எழுதாதீர்கள். முதல் தரிப்பிடத்தில் ஒரே ஒருவர் கை காட்டிக்கொண்டு நிற்கட்டும், பின்னால் பஸ் இன்னும் வரவில்லை, திரையில் பொத்தானின் படம் மட்டும். இரண்டாவது தரிப்பிடத்தில் மூன்று பேர். மூன்றாவதில்தான் நீல பஸ் முகம் காட்ட வேண்டும். ஒவ்வொரு தரிப்பிடமும் ஒன்றைக் கற்றுக்கொடுக்கட்டும்.

அப்புறம் படம். வரையத் தெரிந்தவர்கள் 320க்கு 180 அளவில் வரைந்து நான்கு மடங்காகப் பெருப்பித்தால் சரியாக 1280க்கு 720 வரும், ஆறு மடங்கு என்றால் 1920க்கு 1080. வரையத் தெரியாதவர்கள் நிறத்தில் கவனம் வையுங்கள்: லோஸ்பெக் தளத்தில் எட்டு நிறமுள்ள ஒரு நிறத்தட்டை எடுத்து அதற்கு வெளியே போகாமல் இருந்தால் சதுரங்களே வடிவாக இருக்கும். கென்னி தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் சிசி0 உரிமத்தில் கிடக்கின்றன, யாரையும் கேட்கத் தேவையில்லை, ஆனால் ஜாம் விதி வெளிப் படங்களை அனுமதிக்கிறதா என்று வாசித்துவிட்டு எடுங்கள்.

எங்கள் பஸ் கேமுக்கு பின்னணி எதற்கு என்று யோசித்தால், தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, புறக்கோட்டை என்று தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் பெயர்ப் பலகை மாறினாலே விளையாடுகிறவருக்குத் தான் முன்னேறுகிறோம் என்று தெரியும். வேறு நாட்டுக்காரருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, ஆனாலும் இது நிஜமான ஒரு தெரு என்று அவருக்குப் புரியும், அந்த உணர்வைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

மாலையில் சின்ன அசைவுகள்: பிரேக் பிடித்தால் பஸ்ஸின் மூக்கு இறங்கட்டும், ஆள் ஏறினால் பஸ் கொஞ்சம் அமுங்கி எழட்டும், பின் பஸ் நெருங்கினால் திரை லேசாக நடுங்கட்டும். கோடோவில் டுவீன் (ஓர் அளவைப் படிப்படியாக மாற்றும் வசதி) வைத்து ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான்.

சத்தத்தைக் கடைசிக்கு விடாதீர்கள்

பலர் சத்தத்தைக் கடைசி ஒரு மணித்தியாலத்துக்குத் தள்ளுகிறார்கள். எனக்கு அது மிகவும் கவலையான விஷயம், ஏனென்றால் மிகக் குறைந்த வேலையில் மிக அதிகமாகக் கேமை மாற்றுவது சத்தம்தான். எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற குட்டிக் கருவி 2007 இல் லூடம் டேர் ஆட்களுக்காகவே எழுதப்பட்டது, அதன் பிரவுசர் பதிப்பைத் திறந்து பொத்தானை அமத்தினால் காசு விழும் சத்தம், மோதும் சத்தம் எல்லாம் வரும். இசைக்கு பீப்பாக்ஸ், அதுவும் பிரவுசரிலேயே.

ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு பஸ் கேமுக்கு ஹோர்னைக் கருவியில் செய்வது அநியாயம். போனை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைத் தரிப்பிடத்துக்குப் போய் பத்து நிமிடம் நின்றால் ஹோர்ன், பிரேக் கீச்சிடுவது, எஞ்சின் உறுமுவது எல்லாம் கிடைக்கும், ஓடாசிட்டியில் வெட்டி எடுங்கள். கொண்டக்டர் கத்துவதை உங்கள் நண்பரைக் கத்தச் சொல்லிப் பதியுங்கள். பின் பஸ்ஸின் ஹோர்ன் தூரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கினால், விளையாடுகிறவர் பின்னால் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை, காதே சொல்லிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: விளையாடுகிறவர் ஒரு தடவை கிளிக் செய்யும்வரை பிரவுசர் சத்தத்தை விடாது. அதனால் தொடக்கத்தில் "தொடங்கு" என்று ஒரு பொத்தான் கட்டாயம்.

தமிழ் எழுத்து வைப்பவர்களுக்கு

கேமில் தமிழ் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன். கோடோவின் உள்ளே வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. உங்கள் கணினியில் தெரியும், ஏனென்றால் கணினியில் உள்ள எழுத்துருவை அது இரவல் வாங்குகிறது. பிரவுசரில் அது கிடைக்காமல் வெறும் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் எழுத்துருவை இறக்கி, புரோஜெக்ட்டுக்குள்ளேயே போட்டு, அதையே தீமில் வையுங்கள். யூனிட்டி பாவிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதன் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் கொம்பும் எழுத்தும் இடம் மாறி வரும், பலகைகளைப் படமாகச் செய்து வைப்பது நேரம் மிச்சம்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சாகி வரும் காட்சியைத் தமிழில் செய்ய வேண்டாம். கொழும்பு என்பது எங்களுக்கு நான்கு எழுத்து, யூனிகோடுக்கு எட்டுக் குறி. ஒவ்வொரு குறியாகக் காட்டினால் முதலில் க வந்து பிறகு கொ ஆகும், ம வந்து பிறகு புள்ளி விழும், பார்க்கவே முடியாது. சொல் சொல்லாகக் காட்டுங்கள், அழகாக இருக்கும்.

சிங்கள நண்பரோடு சேர்ந்து செய்தால் பெயர்ப் பலகைகளை மூன்று மொழியிலும் வையுங்கள், நிஜப் பலகையும் அப்படித்தானே. அறிவுறுத்தல் மட்டும் படத்தில்.

ஞாயிறு

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. பிழை திருத்துவது, எண்களைச் சரிபார்ப்பது, இவ்வளவுதான். இந்த நேரத்தில்தான் ஒரு அருமையான யோசனை வரும், முச்சக்கர வண்டி குறுக்கே வந்தால் எப்படி இருக்கும் என்று. எழுதி வையுங்கள், ஜாமுக்குப் பிறகு செய்யலாம்.

கேம் கஷ்டமாக இருக்கிறதா என்று உங்களால் இப்போது சொல்ல முடியாது, வார இறுதி முழுக்க விளையாடிப் பழகிவிட்டீர்கள். உங்களுக்குச் சரியாகத் தோன்றுவது மற்றவர்களுக்குக் கடினம். நீல பஸ்ஸை 240 இலிருந்து 220க்கு இறக்குங்கள், முதல் ஒரு நிமிடத்தில் யாரும் தோற்காத மாதிரி. தோற்றால் ஒரே தட்டில் உடனே மறுபடி தொடங்க வேண்டும், மெனுவுக்குத் திரும்பப் போகக் கூடாது.

இட்ச்சில் உள்ள உங்கள் கேமின் பக்கத்தைச் செய்ய ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். அட்டைப் படம்தான் உங்கள் கேமைத் திறக்க வைப்பது, அதில் பெயர் பெரிதாகவும் நடக்கும் விஷயம் தெளிவாகவும் இருக்கட்டும்: முன்னால் ஒரு பஸ், முட்டிக்கொண்டு பின்னால் இன்னொன்று. விளக்கத்தில் அந்த ஒரு வசனம், பொத்தான், தலைப்போடு என்ன தொடர்பு, யாருடைய படம், சத்தம் பாவித்தீர்கள், அவ்வளவும் போதும். இட்ச்சில் ஏற்றியது மட்டும் போதாது, ஜாம் பக்கத்துக்குப் போய் அங்கே தனியாகச் சமர்ப்பிக்க வேண்டும். இதை முடிவுக்கு மூன்று மணித்தியாலம் இருக்கும்போதே செய்துவிடுங்கள், சமர்ப்பித்த பிறகும் நேரம் முடியும்வரை கோப்பை மாற்றலாம். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாக ஏற்றும்போது தளம் தள்ளாடும்.

பிறகு

வாக்களிப்பு நாட்களில் மற்றவர்களுடைய கேமை விளையாடி, ஒவ்வொன்றுக்கும் உண்மையாக இரண்டு வரி எழுதுங்கள். அவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்து உங்களுடையதை விளையாடுவார்கள். உங்கள் பக்கத்தில் வரும் கருத்துகளில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே நிச்சயம் பிரச்சினை இருக்கிறது, ஒருவர் மட்டும் சொன்னால் குறித்து மட்டும் வையுங்கள். பல ஜாம்களில் வாக்களிப்பு முடியும்வரை கோப்பை மாற்ற விடமாட்டார்கள், அதனால் திருத்தங்களை உங்கள் கணினியில் செய்து வைத்திருந்து, முடிவு வந்த அன்றே புதிய பதிப்பாக ஏற்றுங்கள், முச்சக்கர வண்டியையும் சேர்த்து.